முப்பத்தோரு அடியில நின்ன தண்ணி

கொத்தனாருங்க மட்டம் பாக்குற லெவல் ட்யூப் 12 மீட்டர் வேணும்னு கேட்டதும் ஹார்டுவேர் கடைக்காரர், "என்ன சார் வீடு கட்டுறீங்களா, சொல்லவே இல்ல"ன்னாரு. இல்லண்ணே, பிள்ளைகளுக்குக் காத்தோட எடைய காட்டணும்னேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாத்துட்டு எதுவும் பேசாம அளந்து வெட்டிக் குடுத்துட்டாரு. அந்த ட்யூப்பு வேலைக்கு ஆகாம போனது தனிக்கதை, அதையும் சொல்றேன்.

நான் வேலை பாக்குறது கூடலூர்ல, தேனி மாவட்டத்துக் கூடலூர். நீலகிரி கூடலூர் கிடையாது, எல்லாரும் அதத்தான் நினைக்கிறாங்க. இங்கருந்து லோயர் கேம்ப், அதுக்கு மேல மலைப்பாதை, ஏறி முடிச்சா குமுளி, கேரளா. எங்க பிள்ளைகள்ல பாதிப்பேரோட அம்மா அப்பா விடியக்காலைல ஜீப்புல ஏறி மேல ஏலத்தோட்டத்துக்குப் போய்ட்டு இருட்டுனப்புறம் எறங்குறவங்க. அதனால காது அடைக்கிறதும், கீழ வாங்குன சிப்ஸ் பாக்கெட்டு மேல போனதும் தலகாணி மாதிரி உப்புறதும் இந்தப் பிள்ளைகளுக்குப் புதுசில்ல. ஆனா ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல பாய்மங்கள் நடத்திட்டு டெஸ்ட் வச்சா, 42 பேர்ல 30 பேருக்கு மேல எழுதியிருந்தது இதுதான்: "ஸ்ட்ராவில் நாம் உறிஞ்சும் போது நீர் மேலே இழுக்கப்படுகிறது."

தப்பு பிள்ளைக மேல இல்ல, நம்ம பேச்சே அப்படித்தான் இருக்கு. உறிஞ்சுது, இழுக்குது, எடுக்குதுன்னுதான் சொல்றோம், மோட்டார் தண்ணி எடுக்கலன்னுதான் சொல்றோம். யாரும் காத்து தள்ளுதுன்னு சொல்றதில்ல. வாயில நாம செய்றது அங்க இருக்குற காத்த கொறைக்கிறது மட்டும்தான், தண்ணிய மேல ஏத்துறது டம்ளருக்கு வெளிய இருக்குற காத்து. இத போர்டுல எத்தன தடவ எழுதுனாலும் தலையாட்டிட்டு மறுபடி இழுக்குதுன்னே எழுதுறாங்க.

வழக்கமான சின்ன சோதனை எல்லாம் செஞ்சாச்சு. டம்ளர் நிறைய தண்ணி ஊத்தி அட்டைய வச்சுக் கவுக்குறது, அது நல்லாருக்கும், கைதட்டுவாங்க, அவ்வளவுதான். தட்டுல மெழுகுவர்த்தி வச்சு டம்ளர கவுத்தா தண்ணி ஏறுறத நான் இப்ப செய்றதே இல்ல. ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு அதான் ஏறுதுன்னு பல வருஷமா சொல்லிக் குடுத்திட்டு வர்றோம், அது சரியில்ல. கவுக்கும்போதே சூட்டுல காத்து விரிஞ்சு ஓரத்துல குமிழி குமிழியா வெளிய போகும், மெழுகுவர்த்தி அணைஞ்சதும் மிச்சக் காத்து குளுந்து சுருங்கும், அதாலதான் பெரும்பாலும் ஏறுது. எரியும்போது மெதுவா ஏறாம அணைஞ்சப்புறம் சட்டுனு ஏறுறத உத்துப் பாத்தாலே தெரியும்.

இன்னொன்னு மூணு ஓட்டை பாட்டில். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், அதனால அடி ஓட்டைலருந்து வர்ற தண்ணி ரொம்ப தூரம் போய் விழும்னு படம் போட்டிருப்பாங்கல்ல, அத மேஜை மேல பாட்டில வச்சு செஞ்சு பாருங்க, நடு ஓட்டைதான் ஜெயிக்கும். மொத வருஷம் இது நடந்தப்ப எனக்கு வேர்த்துருச்சு, பிள்ளைக எல்லாம் கரெக்டா பாத்துட்டாங்க. கணக்கு போட்டா தெளிவா இருக்கு: அடி ஓட்டைல வேகம் அதிகம்தான், ஆனா உடனே தரைல விழுந்துருது, பறக்க நேரமில்ல. மேல் ஓட்டைக்கு நேரம் இருக்கு, வேகம் இல்ல. ரெண்டும் சமமா இருக்கிறது நடுவுல. கால்வாசி உயரத்துல ஒரு ஓட்டை, முக்கால்வாசி உயரத்துல ஒரு ஓட்டை போட்டா ரெண்டும் ஒரே எடத்துல விழும், அத செஞ்சு காட்டுனா பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோசம். அடி ஓட்டை ஜெயிக்கணும்னா பாட்டில உயரமான ஸ்டூல் மேல வச்சு தரைல விழுற மாதிரி விடணும். இப்ப ரெண்டு மாதிரியும் செய்யச் சொல்லி ஏன்னு கேக்குறேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். இந்த இழுக்குதுங்கிற நினைப்ப ஒடைக்க உருப்படியா வேலை செஞ்சது ஒரு பாட்டில்தான். ஒரு லிட்டர் பாட்டில், மூடில ஓட்டை போட்டு ஸ்ட்ராவ சொருகி சுத்தி எம்-சீல் வச்சு ஒரு ராத்திரி காயவச்சேன். வாய் வரைக்கும் தண்ணி ரொப்பி இறுக்கி மூடிட்டு, இதக் குடிச்சுக் காட்டுறவனுக்கு பத்து ரூபான்னேன். கடைசி பெஞ்சுல ஒருத்தன், கபடி ஆடுற பய, நல்ல நெஞ்சு, எந்திரிச்சு வந்து உறிஞ்சுனான் பாருங்க, கன்னம் ரெண்டும் உள்ள ஒட்டி கண்ணு செவந்துபோச்சு, ரெண்டு சொட்டு வந்துச்சு, அதோட சரி. பாட்டில் கல்லு மாதிரி நிக்குது. அப்புறம் குண்டூசிய சூடு பண்ணி பாட்டிலோட தோள்பட்டைல ஒரு ஓட்டை போட்டுக் குடுத்தேன், மொடமொடன்னு குடிச்சிட்டான். "இப்ப நீ கூட பலமா இழுத்தியாடா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், வெளிய இருந்து உள்ள காத்து போகுது சார்"ன்னான். வகுப்பே ஒரு நிமிஷம் கம்முனு இருந்துச்சு. பத்து ரூபாயும் குடுத்துட்டேன்.

அதுல ஆரம்பிச்சதுதான் எல்லாம். காத்துதான் தள்ளுதுன்னா எவ்வளவு ஒசரம் தள்ளும்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. மாடிப்படில ட்யூப்ப விட்டு உறிஞ்சிப் பாத்தோம், கபடிக்காரன் நாக்க வச்சு ட்யூப்ப அடைச்சு அடைச்சு விட்டு விட்டு உறிஞ்சி பத்தடி வரைக்கும் ஏத்திட்டான். அப்ப எங்கப்பா வச்சிருக்கிற மோட்டார் எவ்வளவு சார் ஏத்தும்னு இன்னொருத்தன். நாளைக்கு சொல்றேன்னு சொல்லிட்டு நேரா பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குற மோட்டார் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன், ஏன்னா கணக்கு எனக்குத் தெரியும், ஆனா நெசத்துல என்ன நடக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

"சக்ஷன், அதான் கீழருந்து உறிஞ்சுறது, இருபத்தஞ்சு அடிங்க சார். அதுக்கு மேல எடுக்காது. அதான் கிணத்துக்குள்ள படி கட்டி மோட்டார கீழ எறக்கி வைக்கிறது. டெலிவரி எவ்வளவு வேணா தள்ளும், அது மோட்டார் பவர பொறுத்தது. சக்ஷன் மட்டும் அப்படி இல்ல, ஒரு எச்பியும் இருபத்தஞ்சு அடிதான், பத்து எச்பியும் இருபத்தஞ்சு அடிதான்."

ஏன்ணே அப்படின்னேன். "அது அப்படித்தான் சார், அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

எனக்கு உள்ளுக்குள்ள குதூகலமா இருந்துச்சு. ஏன்னா கிட்டத்தட்ட நானூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலில இதே பேச்சுதான் நடந்துச்சு. உறிஞ்சு பம்பு 18 முழத்துக்கு மேல தண்ணி ஏத்த மாட்டேங்குதுன்னு கலிலியோ 1638ல எழுதுனாரு, ஆனா காரணத்த தப்பா புடிச்சாரு, கயிறு ரொம்ப நீளமானா தன் எடையாலயே அறுந்துபோற மாதிரி தண்ணித் தூணும் அறுந்துருதுன்னு நினைச்சாரு. அவருக்குக் கடைசி காலத்துல உதவியா இருந்த டாரிசெல்லிதான் தண்ணிக்குப் பதிலா பாதரசத்த வச்சுக்கிட்டு, இது இழுக்குற சமாச்சாரமே இல்ல, நாம காத்துக் கடலோட அடில கெடக்குறோம், அந்தக் கடலோட எடைதான் தூக்குதுன்னு 1644ல கடுதாசி எழுதுனாரு. பாதரசம் 13.6 மடங்கு கனம், அதனால 76 செ.மீ. கண்ணாடிக் குழாய்ல வேலை முடிஞ்சிரும். பாதரசத்த நான் வகுப்புக்குள்ள கொண்டுவர மாட்டேன், ஒரு தடவ கீழ கொட்டுனா பொறுக்க முடியாது. அதனால தண்ணியே வைப்போம்னு முடிவு பண்ணேன். பாதரசத்த விட தண்ணிக்கு ஒரு நன்மை, எல்லாம் 13.6 மடங்கு பெருசா தெரியும்.

எங்க பள்ளிக்கூடக் கட்டடம் கீழ்த்தளம் சேத்து மூணு அடுக்கு, மொட்டமாடி கைப்பிடிச் சுவர் தரைலருந்து 38 அடி. அளந்தாப்ல இருக்கு. எச்.எம்.கிட்ட பர்மிஷன் கேட்டதுக்கு, பிள்ளைக ஒருத்தரும் மொட்டமாடிக்குப் போகக்கூடாதுன்னு ஒரே கண்டிசன். சரின்னு பி.இ.டி. சார மேல நிறுத்துனேன், கயிறு இழுக்க அவருதான் சரியான ஆளு.

மொத நாள் அந்த லெவல் ட்யூப்பு. அரை இன்ச் வாங்கிருந்தேன், சன்ன தோல். தண்ணி டேங்குல இருந்து தண்ணிய விட்டு குமிழி எல்லாம் போறவரைக்கும் ஓடவிட்டு, ஒரு முனைய ரெண்டா மடிச்சு சைக்கிள் ட்யூப் ரப்பரால இறுக்கிக் கட்டி, இன்னொரு முனைய கீழ பக்கெட்டுத் தண்ணிக்குள்ள விட்டுட்டோம். தண்ணில கேசரி பவுடர் கலந்ததால செவப்பா பளிச்சுனு இருந்துச்சு. பி.இ.டி. சார் இழுக்க இழுக்க மொத மாடி தாண்டி ஏறுது, ரெண்டாவது மாடி பக்கத்துல போறப்ப ட்யூப்போட மேல்பக்கம் அப்படியே சப்பையாயிருச்சு. நாடா மாதிரி. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு, உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியல. நான் தலைல கைய வச்சேன். ஒரு பய மட்டும் கீழ இருந்து, "சார் யாரு சார் அத நசுக்குனது"ன்னு கத்துனான். நசுக்குனது யாருன்னு அவனே ரெண்டு செகண்ட்ல புரிஞ்சுக்கிட்டு சிரிச்சான். என்னைக் கேட்டா அன்னைக்கு சோதனை தோத்ததுதான் பாடத்துலயே நல்ல பாடம்.

ரெண்டாவது, உள்ள நூல் வலை வச்ச கெட்டியான ஹோஸ், கண்ணாடி மாதிரி தெரியுறது, கம்ப்ரஸருக்கெல்லாம் போடுவாங்கல்ல அது. அரை இன்ச், 12 மீட்டர். இத மடிச்சுக் கட்ட முடியல, மடிக்கிற எடத்துல ஓரத்துல இடுக்கு விட்டுருது. அதனால மேல் முனைக்கு பால் வால்வு, அதான் திருப்பி அடைக்கிற அடைப்பான், ஒண்ணு போட்டு ஹோஸ் கிளிப்பு இறுக்குனேன், டெஃப்லான் டேப்பும் சுத்துனேன். ஏறுச்சு, நின்னுச்சு, அப்புறம் கண்ணு முன்னாடியே மெதுவா எறங்கிக்கிட்டே வந்துச்சு, பத்து நிமிஷத்துல ஒரு முழம். எங்கேயோ காத்து நுழையுது. தண்ணி லீக்குன்னா சொட்டும், கண்டுபிடிச்சிரலாம், உள்ள போற காத்து லீக்க எப்படிப் பாக்குறது? மெக்கானிக் அண்ணன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். "வால்வயே தண்ணிக்குள்ள முக்கிருங்க சார்"ன்னாரு. எவ்வளவு ஈஸி பாருங்க. ஒரு டப்பாவோட அடில ஓட்டை போட்டு ஹோஸ அது வழியா விட்டு, டப்பாவுக்குள்ள வால்வு மூழ்குற மாதிரி தண்ணி ஊத்தி கைப்பிடிச் சுவர் மேல உக்கார வச்சாச்சு. இனி லீக் ஆனாலும் காத்து வராது, தண்ணிதான் வரும், அதுவும் சொட்டு சொட்டா வந்து தூணோட சேந்துரும்.

இப்ப மூணாவது வில்லன் தண்ணியேதான். நேரா குழாய்த் தண்ணிய விட்டா அதுக்குள்ள கரைஞ்ச காத்து இருக்கு. மேல அழுத்தம் கொறஞ்ச உடனே அது குமிழி குமிழியா பிரிஞ்சு வந்து மேல போய் உக்காந்துக்குது, தண்ணிய கீழ தள்ளுது. பாக்க என்னமோ அழகுதான், ரெண்டாவது மாடி ஜன்னல் பக்கத்துல செவப்புத் தண்ணி சோடா மாதிரி நுரைக்குது, "சார் கொதிக்குது சார், அடுப்பே இல்லாம கொதிக்குது"ன்னு ஒரே கூச்சல். பாதி உண்மைதான் அது, காத்து பிரியிறதோட தண்ணியும் ஆவியாகுது அங்க. ஆனா அளக்க முடியாது, 9.1 மீட்டர்ல நின்னுட்டு எறங்கிக்கிட்டே இருக்கு. அதுக்கு சத்துணவு அக்காதான் உதவி. அண்டா நிறைய தண்ணிய கொதிக்க வச்சு மூடி ஆறவச்சுக் குடுத்தாங்க, "சாருக்கு இதுல என்ன சமையல்னு கேளுங்கடி"ன்னு பிள்ளைககிட்ட கிண்டல் வேற. ஆறவச்சத அலம்பாம மெதுவா ஊத்தணும், இல்லன்னா மறுபடி காத்த வாங்கிக்கும்.

நாலாவது நாள் காலை பத்து மணி. வகுப்பயே ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டேன், எல்லாரும் ஜன்னல்கிட்ட. பி.இ.டி. சார் இழுக்குறாரு, செவப்பு ஏறி ஏறி வருது, மொத மாடி, ரெண்டாவது மாடி ஜன்னல் திண்டு, ஜன்னல் பாதி, மேல லிண்டல் பக்கம் வந்து நின்னுருச்சு. சார் இழுக்குறத நிறுத்தல. ஹோஸ் மேல போகுது, தண்ணி போகல. ஹோஸுக்குள்ள தண்ணிக்கு மேல ஒண்ணுமே இல்லாத எடம் ஒரு சாண் ஆச்சு, ஒரு முழம் ஆச்சு, ஒரு கஜத்துக்கு மேலயே போச்சு. "இழுங்க சார் இழுங்க"ன்னு கத்துறானுக, தண்ணி அசையல. பக்கெட்டுத் தண்ணி மட்டத்துலருந்து டேப்பு புடிச்சா 9 மீட்டர் 43 செ.மீ., நம்ம கணக்குல 31 அடிக்கு ஒரு இன்ச் கம்மி.

சார மறுபடி மெதுவா எறக்கச் சொன்னேன். அந்த வெற்றிடம் சுருங்கிட்டே வந்து மூடுற நேரம் "டொக்"னு ஒரு சத்தம், கல்லுல கல்லு பட்ட மாதிரி. அந்த சத்தம் கேட்டா உள்ள காத்து ரொம்ப இல்லன்னு அர்த்தம். காத்து இருந்தா மெத்தை மாதிரி தாங்கிக்கும், சத்தம் வராது. குழாய்த் தண்ணி வச்சப்ப ஒரு நாளும் டொக்கு வரல.

என் போன்ல காத்தழுத்தம் பாக்குற சென்சார் இருக்கு, 964 மில்லிபார்னு காமிச்சுச்சு. நாம கடல் மட்டத்துல இல்ல, நானூறு மீட்டருக்கு மேல இருக்கோம், அதான் 1013 இல்ல. 964 மில்லிபார் 9.89 மீட்டர் தண்ணிய தாங்கணும். 28 டிகிரில தண்ணி ஆவியோட அழுத்தம் மேல இருந்து 39 செ.மீ. கீழ தள்ளும், ஆக 9.50. நமக்கு வந்தது 9.43. மிச்ச 7 செ.மீ. இன்னும் ஒளிஞ்சிட்டு இருக்குற காத்து. அத நான் ஒத்துக்கிட்டேன், அதுக்கு மேல சத்துணவு அக்காவத் தொந்தரவு பண்ண முடியாது.

அன்னைக்கு அத அப்படியே கட்டி விட்டுட்டோம். சாயங்காலம் நாலு மணிக்குப் பாத்தா 9.33. போச்சுடா லீக்குன்னு மனசு விட்டுப்போச்சு. டப்பா, வால்வு, கிளிப்பு எல்லாம் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் புரியாம வீட்டுக்குப் போய்ட்டேன். மறுநாள் காலைல பத்து மணிக்கு ஒரு பொண்ணு ஓடிவந்து, "சார் ஏறிருச்சு"ன்னுச்சு. 9.42! லீக்கு ஆனா எறங்கும், ஏறுமா? அப்பத்தான் மண்டைல ஒறச்சுச்சு. நம்ம பக்கம், அதாவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குற ஊர்கள்ல, காத்தழுத்தம் தெனமும் கடல் ஏத்தவத்தம் மாதிரி ரெண்டு தடவ ஏறி எறங்கும், காலைல பத்து மணி வாக்குல உச்சம், சாயங்காலம் நாலு மணி வாக்குல பள்ளம், மூணு நாலு மில்லிபார் வித்தியாசம். அது மூணரை செ.மீ. தண்ணி. மத்தியான வெயில்ல தண்ணி 31 டிகிரிக்குப் போனதால ஆவி அழுத்தம் கூடி இன்னொரு ஆறேழு செ.மீ. கொறைச்சிருச்சு. ரெண்டும் சேந்தா பத்து. புஸ்தகத்துல படிச்சிருக்கேன், ஆனா அத ஜன்னல்கிட்ட நின்னு கேசரி கலர்ல பாப்பேன்னு நினைக்கல. அதுக்கப்புறம் ஒரு வாரம் காலை மாலை ரெண்டு வேளையும் பிள்ளைக சாக்பீஸ்ல சொவத்துல கோடு போட்டுட்டே இருந்தாங்க, சொவர் இன்னும் அப்படியேதான் இருக்கு, எச்.எம். இன்னும் பாக்கல.

மெக்கானிக் அண்ணன வரச்சொன்னேன். வந்து கீழ பக்கெட்டுல இருந்து மேல வரைக்கும் கழுத்த நிமித்திப் பாத்தாரு. படி ஏறி வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு. "இதுக்கு மேல ஒண்ணுமில்லையா சார்?" ஒண்ணுமில்லண்ணே, கொஞ்சம் ஆவி. "அப்ப முப்பத்தோரு அடி வருதே, நாங்க இருபத்தஞ்சுன்னுல்ல சொல்றோம், மிச்சம் ஆறடி எங்க போச்சு?"

இதவிட நல்ல கேள்விய எந்த ஸ்டூடண்டும் கேட்டதில்ல. இங்க தண்ணி சும்மா நிக்குது, உங்க பைப்புல ஓடுதுல்ல, ஓடும்போது பைப்பு உரசலுக்கு கொஞ்சம், அடில இருக்குற ஃபுட்வால்வுக்கு கொஞ்சம், பெண்டுக்கு கொஞ்சம், அப்புறம் இம்பெல்லர், அதான் பம்புக்குள்ள சுத்துற சக்கரம், அது வாய்ல அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழ போயிரக்கூடாது, போனா உள்ள குமிழி உண்டாகி ஒடைஞ்சு ஒடைஞ்சு இம்பெல்லரயே அரிச்சிரும், அதுக்கு கொஞ்சம் கைவசம் வைக்கணும்னேன். "கல்லு போட்டு ஆட்டுற மாதிரி ஒரு சத்தம் வரும் சார், கழட்டிப் பாத்தா பித்தள பூச்சி அரிச்ச மாதிரி இருக்கும், அதானே?"ன்னாரு. அதேதான். கேவிட்டேஷன்னு நான் போர்டுல எழுதிக் காட்டுற வார்த்தைய அவரு காதால கேட்டே தெரிஞ்சு வச்சிருக்காரு. அன்னைக்கு அரை மணி நேரம் வகுப்பு அவருதான் எடுத்தாரு, நான் பெஞ்சுல உக்காந்துட்டேன்.

குமுளிக்குக் கொண்டுபோற யோசனை ஏலக்காய் ஸ்டோர்காரர் மகளுது. 1648ல பாஸ்கல் தன் அக்கா வீட்டுக்காரர் பெரியர்கிட்ட சொல்லி பாதரசக் குழாய ஃபிரான்ஸ்ல ஒரு மலை மேல தூக்கிட்டுப் போகச் சொன்னாரு, கீழ ஊர்ல இன்னொரு குழாய ஒரு துறவிய காவலுக்கு வச்சு நாள் பூரா பாக்கச் சொன்னாங்க, மேல போனா பாதரசம் எட்டு செ.மீ.க்கு மேல எறங்கியிருந்துச்சு, கீழ இருந்தது அசையலன்னு கதை சொல்லிட்டு இருந்தேன். அந்த மலையடிவாரமும் நம்ம கூடலூர் மாதிரி நானூறு மீட்டர்தான். "நமக்குத்தான் மலை இருக்கே சார், எங்க சித்தப்பா லாட்ஜ் மூணு மாடி, குமுளில"ன்னுச்சு.

ஒரு சனிக்கிழமை. முந்துன நாள் சாயங்காலமே ஆறவச்ச தண்ணிய ரெண்டு கேன்ல ஜீப்புல மேல அனுப்பிட்டோம், ராத்திரி அங்கயே இருந்து அந்த ஊர் குளுருக்கு வரட்டும்னு. கீழ காத்தழுத்தத்த பாக்குறதுக்கு, அதாவது துறவி வேலைக்கு, லேப் அசிஸ்டண்ட். ஹோஸ் ஒண்ணுதானே இருக்கு, அதனால அவரு கைல போன் மட்டும். பி.இ.டி. சார், நான், ஆறு பிள்ளைக, எல்லாரும் வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு ஜீப்புல ஏறிட்டோம். லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் தாண்டும்போது மலைல எறங்குற அந்த நாலு பெரிய குழாயப் பாத்துட்டு கபடிக்காரன், "சார் அதுல மேல காத்து தள்ளல, தண்ணியே தள்ளுது"ன்னான். ஆமாடா, பத்து மீட்டர் எறங்குனா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், கணக்கு போட்டுக்கோன்னேன். இரைச்சல் பாலம் வர்றவரைக்கும் போட்டுட்டே வந்தான். காது அடைச்சதும் எல்லாரும் எச்சி முழுங்குறாங்க, போன்ல நம்பர் எறங்குறத ஒருத்தி வளைவுக்கு வளைவு நோட்டுல எழுதுறா.

லாட்ஜ்ல வாட்ச்மேன், "எந்தா சாரே இது, ரத்தமோ?"ன்னாரு கேன பாத்துட்டு. கேசரின்னு சொல்லி புரியவைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

பத்து மணி. போன்ல 914. தண்ணி 22 டிகிரி. ஏத்தி நிறுத்துனா 9 மீட்டர் 2 செ.மீ. டொக்கு சத்தமும் நல்லா வந்துச்சு. கீழ லேப் அசிஸ்டண்ட்கிட்ட கேட்டா 964ல அப்படியே நிக்குதுன்னாரு. ஆக 41 செ.மீ. எறங்கியிருக்கு, முழுசா ஒன்னேகால் அடிக்கு மேல. பிள்ளைக துள்ளுறாங்க. ஆனா அந்த நோட்டு எழுதுன பொண்ணு மட்டும் மூஞ்ச சுளிச்சிட்டு, "அம்பது மில்லிபார் கொறஞ்சிருக்கு சார், அம்பத்தோரு செ.மீ.ல்ல எறங்கணும், பத்து செ.மீ. காணோமே"ன்னுச்சு. நான் வாயத் தொறக்கல. அதுவே கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள வெரல விட்டுப் பாத்துட்டு, "இங்க தண்ணி சில்லுனு இருக்கு சார், ஆவி கம்மி, மேல இருந்து தள்ளுறது கம்மி"ன்னுச்சு. 28 டிகிரில 39, 22 டிகிரில 27, வித்தியாசம் 12. கணக்குல ஒண்ணு ரெண்டு செ.மீ. அங்கிட்டு இங்கிட்டு இருக்கு, அதுல தண்ணியோட அடர்த்தி மாறுறது, ஒளிஞ்ச காத்து, என் டேப்பு சாயுறது எல்லாம் அடங்கும். சித்தப்பா எல்லாருக்கும் புட்டும் கடலையும் வாங்கிக் குடுத்தாரு.

திங்கக்கிழமை மெக்கானிக் அண்ணன்கிட்ட நம்பர சொன்னேன். அவரு கணக்கு வேற மாதிரி ஓடுச்சு. "அப்ப மேல செட்டு போட்டா ஒன்ற அடி கம்மியா எடுக்கும்னு சொல்றீங்க." ஆமாண்ணே, இன்னும் மேல போனா இன்னும் கம்மி. கொஞ்ச நேரம் பேசல, ஸ்பேனர தொடச்சிட்டே இருந்தாரு. "போன வருஷம் மேல ஒரு ஏலத்தோட்டத்துல இருபத்தஞ்சு அடில ஒரு செட்டு போட்டேன் சார், முக்கி முக்கிதான் எடுத்துச்சு, மூணு தடவ ஃபுட்வால்வு மாத்துனேன், முதலாளி என்ன ஏமாத்துக்காரன்னே சொல்லிட்டாரு."

அந்த ஹோஸ ஒரு நாள் குடுங்க சார், அந்தாள்கிட்ட கட்டிக் காமிச்சிட்டு வர்றேன்னு வாங்கிட்டுப் போனாரு. டப்பாவும் வால்வும்கூட அவருகிட்டதான் இருக்கு. மூணு வாரம் ஆச்சு, அடுத்த செக்ஷனுக்கு வேணும், போய்க் கேக்கணும்.